மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பின்ரூம்

முதல்லயே சொல்லிடுறேன். இது கட்டின கதை இல்ல. எனக்கு நடந்தது. நான் குடிக்கிற ஆள் கிடையாது. கண்ணு நல்லாத் தெரியும், காது அதைவிட நல்லாக் கேக்கும். இருபத்திரெண்டு வருஷமா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். யாராவது பேய், பிசாசுன்னு ஆரம்பிச்சா, "போய் வேலையைப் பாருடா"ன்னு சொல்ற ரகம் நான். ராத்திரி பன்னெண்டு மணி, நாய் ஊளை, வெள்ளைச் சேலை... அதெல்லாம் எதிர்பாத்து வந்தவங்க ஏமாந்துதான் போவீங்க. இது நடந்தது பட்டப்பகல்ல. மத்தியானம் ஒண்ணு பத்துக்கு.

இன்னொண்ணு. இதைச் சொல்லும்போது எனக்குக் கோவம் வரும். பயத்தைவிடக் கோவம்தான் ஜாஸ்தி. பொறுத்துக்குங்க. பொறுக்க முடியலைன்னாலும் பரவாயில்ல, நான் சொல்லத்தான் போறேன்.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை என் பொண்ணைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதா இருந்துச்சு. நல்ல இடம். பையனும் நல்ல மாதிரி. ஒரே ஒரு சிக்கல், என் தங்கச்சி. என் கூடத்தான் இருக்கா. முப்பத்திநாலு வயசு. ஒரு காலத்துல ஆபீஸ்ல டைப் அடிச்சவ. எட்டு வருஷமா அவளுக்குக் குரல் கேக்குது. ஆளில்லாத பக்கம் திரும்பிப் பதில் சொல்லுவா. சில நாள் கத்துவா. மருந்து ஒழுங்கா உள்ள போனா தங்கம். ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல எவனாவது பாத்துட்டா? "பைத்தியம் இருக்கிற வீடு"ன்னு பேர் வந்துட்டா? இப்படிப் பேசிப் பேசியே மருந்தையும் நிறுத்தியாச்சு. நிறுத்தினது யாருன்னு கேளுங்க. நான்தான். கூடப் பொறந்த அண்ணன்.

மச்சான்தான் வழி சொன்னான். என் பொண்டாட்டியோட தம்பி. அவன் வீட்டுக் குழாய் ரெண்டு வருஷமா ஒழுகுது, அதை அடைக்கத் துப்பில்ல, ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுவான்.

"மாமா, உங்க ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போடுங்க. உங்க தங்கச்சியை உள்ள உக்கார வைங்க. அரை நாள்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

தாழ்ப்பாளை நானே கடைக்குப் போய் வாங்கினேன். ஸ்குரூ நாலு. வேலைப் பையில போட்டுக்கிட்டேன். சனிக்கிழமை மாட்டிக்கலாம்னு இருந்தேன். கேக்கவே அசிங்கமா இருக்குல்ல? சொல்றவனுக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்குங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபது. மருந்துக்கடைக்காரர் வீடு. பெரிய மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். ஊர்ல பாதிப் பேருக்கு அவர் கடை மாத்திரைதான். வீட்டுக்காரம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போய் ஒரு ரூமைக் காட்டினாங்க. "பேரப்புள்ளை வரப்போகுது. இதைப் புள்ளை ரூம் ஆக்கணும். இளமஞ்சள் அடிச்சுடுங்க"ன்னாங்க.

பத்துக்குப் பத்து ரூம். காலி. ஜன்னல் கிடையாது. கிடையாதுன்னா, இருந்து எடுத்திருக்காங்க. செங்கல் வச்சு அடைச்சுப் பூசின இடம் கையால தடவினாலே தெரிஞ்சுது. கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ரெண்டும் வெளிப்பக்கம். லைட்டு சுவிட்சும் வெளிப்பக்கம். கதவோட அடிப்பக்கத்தை மூணு விரக்கடை அறுத்து எடுத்திருந்தாங்க. எலி ஓடுறதுக்குன்னு யாரும் கதவை அறுக்கமாட்டாங்க. ஒரு தட்டு உள்ள போற அளவு.

எங்க தொழில்ல ஒண்ணு கத்துக்கிட்டிருக்கேன். மனுஷன் பொய் சொல்லுவான், சுவர் சொல்லாது. கட்டில் எங்க கிடந்துச்சு, வீட்டுக்காரர் எந்தப் பக்கம் சாஞ்சு பேப்பர் படிப்பாரு, எல்லாம் கறையைப் பாத்தே சொல்லிடலாம். தலை சாயுற இடத்துல எண்ணெய்க் கறை விழும். இந்த ரூம்லயும் விழுந்திருந்துச்சு. கட்டில் உயரத்துல இல்ல, நாற்காலி உயரத்துல இல்ல. தரையில உக்காந்தா தலை எங்க வருமோ, அங்க. கதவை ஒட்டின சுவர்ல. ஒரு நாள் ரெண்டு நாள் சாஞ்ச கறை இல்ல அது. வருஷக்கணக்கு.

"யாரும்மா இங்க இருந்தது?"

"யாரும் இல்லப்பா. பழைய சாமான் போட்டிருந்தோம்."

பழைய சாமான் தலைக்கு எண்ணெய் வைக்குமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். நான் அடிக்க வந்தவன், கேக்க வந்தவன் இல்ல. அப்படித்தான் அன்னிக்கு நினைச்சேன்.

சுரண்டினேன். ஓட்டை, பள்ளத்தை அடைக்கப் பட்டி பூசினேன். மத்தியானம் பின்வாசல் படியில உக்காந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சேன். கதவைச் சாத்திட்டுத்தான் வந்திருந்தேன், பட்டி காயுற நேரத்துல தூசி உள்ள போகக்கூடாதுன்னு.

டக். டக். டக்.

மூணு தட்டு. கதவுல. உள்ளே இருந்து.

கையில சோத்தோட எழுந்து போய்த் தொறந்தேன். காலி ரூம். ஈரப் பட்டி வாசனை. மரம் காய்ஞ்சா சத்தம் போடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாட்சைப் பாத்தேன். ஒண்ணு பத்து.

புதன்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சேன். பத்தரைக்குச் சுவர் பளிச்சுன்னு வெள்ளை. பன்னெண்டுக்குப் பாக்குறேன், கறை வந்து நிக்குது. எண்ணெய்க் கறைன்னா அப்படித்தான், லேசுல விடாது. ஆயில் பிரைமர் எடுத்து ரெண்டு கோட்டு இழுத்தேன். இதுக்கு மசியாத கறையை நான் பாத்ததில்ல.

ஒண்ணு பத்து. டக். டக். டக்.

இந்த வாட்டி நான் அடுப்படி ஜன்னல் பக்கம் நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தேன். உள்ள வீட்டுக்காரம்மா டிவி பாத்துக்கிட்டே காய் நறுக்குறாங்க. சத்தம் கேட்டதும் அவங்க கத்தி நின்னுச்சு. நின்னுச்சா? இடது கை ரிமோட்டை எடுத்துச்சு. சவுண்டைக் கூட்டுச்சு. திரும்ப நறுக்க ஆரம்பிச்சாங்க. கதவுப் பக்கம் தலையைக் கூடத் திருப்பல.

அப்போ அவங்களுக்கும் கேக்குது.

வியாழக்கிழமை. போன உடனே சுவரைப் பாத்தேன். அதே இடத்துல கறை. தொட்டேன்... விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு. மோந்து பாத்தேன். தலை எண்ணெய்.

தரைக்கு விரிச்சு வச்சிருந்த பேப்பர், கறைக்கு நேர் கீழ மட்டும் கசங்கியிருந்துச்சு. ஒரு ஆள் உக்காந்த அளவு.

அன்னிக்கே மூட்டையைக் கட்டியிருக்கணும். யாரு கேட்டா? ரோசம். ஒரு கறைக்குப் பயந்து வேலையை விட்டுட்டு வந்தான்னு நாளைக்கு எவன் வாயிலயும் விழக்கூடாது. சுவர் முழுக்க மஞ்சள் அடிச்சேன். ஒரு மணிக்குச் சாப்பிடப் போகல. கதவை நல்லா அகலத் தொறந்து, பெயிண்ட் டப்பாவை அண்டக் கொடுத்துட்டு, உள்ளயே நின்னு மூலை அடிச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு எவன் தட்டுறான்னு பாத்துடுறேன்னு.

ஒண்ணு எட்டு.

ஒண்ணு ஒன்பது.

டப்பா நகர்ற சத்தம். கரகரன்னு... மெதுவா... தரையில.

திரும்புறதுக்குள்ள கதவு சாத்திடுச்சு. அடிச்சுச் சாத்தல. பதமா. குழந்தை தூங்குற ரூமைச் சாத்துற மாதிரி.

மேல் தாழ்ப்பாள். டக்.

கீழ்த் தாழ்ப்பாள். டக்.

லைட்டு போச்சு.

கதவுக்கு அடியில மூணு விரக்கடை வெளிச்சம். அவ்வளவுதான். போன் வெளியில, பையில கிடந்துச்சு. என் வாட்சு முள் மட்டும் இருட்டுல பச்சையாத் தெரிஞ்சுது. ஒண்ணு பத்து.

"அம்மா! கதவைத் தொறங்க! உள்ள ஆள் இருக்கேன்!"

டிவி சத்தம் கூடுச்சு.

"அம்மா! பெயிண்டரும்மா! தொறங்கம்மா!"

இன்னும் கூடுச்சு.

ரெண்டு கையாலயும் குத்தினேன். காலால உதைச்சேன். தொண்டை கிழியக் கத்தினேன். நான் கத்தக் கத்த அந்த டிவி ஏறிக்கிட்டே போச்சு. பெயிண்ட் நெடி மூக்குல ஏறுது. காத்து இல்ல. வேர்த்துக் கொட்டுது.

அப்போதான் வாசனை வந்துச்சு.

தலை எண்ணெய்.

பக்கத்துல.

"கத்தாதீங்க..."

பொம்பளைக் குரல். சின்ன வயசு. கெஞ்சல் இல்ல, மிரட்டல் இல்ல. பஸ் எப்ப வரும்னு விவரம் சொல்ற மாதிரி.

"கத்தினா வரமாட்டாங்க..."

கதவுல இருந்து கையை எடுத்தேன்.

"மூணு தட்டு தட்டுங்க. அப்புறம் உக்காந்துக்குங்க. சத்தம் போடாதீங்க."

தட்டினேன்.

மூணு.

கால் தானா மடிஞ்சுது. உக்காந்தேன்.

தலை பின்னாடி சாஞ்சுது.

சரியா அந்த இடத்துல.

என் வலது தோள் பக்கம்... மூச்சு.

உள்ள... வெளிய...

உள்ள... வெளிய...

நான் அசையல.

ரெண்டு அம்பத்தஞ்சுக்கு லைட்டு வந்துச்சு. தாழ்ப்பாள் விலகுச்சு. வாசல்ல மருந்துக்கடைக்காரர், சாப்பிட வந்தவர், சட்டைப் பையில பேனாவோட நிக்கிறார். "யாரு தாழ்ப்பாள் போட்டது?"ன்னு பின்னாடி திரும்பிச் சம்சாரத்தைக் கேட்டார்.

"நான் இல்லைங்க. சத்தியமா இல்ல. நான் ஹாலை விட்டு எழுந்திரிக்கவே இல்ல."

"நான் கத்தினது கேக்கலையாம்மா?"ன்னேன்.

அந்தம்மா கண்ணைத் தாழ்த்திக்கிட்டாங்க. "கேட்டுச்சுப்பா. அந்த ரூம்ல இருந்து சத்தம் வந்தா... கை தானா ரிமோட்டுக்குப் போயிடுது. பழக்க தோஷம்."

பழக்க தோஷம்! ஒண்ணே முக்கால் மணி நேரம் ஒரு மனுஷன் நாய் மாதிரிக் கத்தியிருக்கான்.

திரும்பிச் சுவரைப் பாத்தேன். ஈர மஞ்சள்ல என் தலை சாஞ்ச தடம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல, நாலு விரக்கடை தள்ளி, கொஞ்சம் தாழ... இன்னொரு தலைத் தடம்.

பையை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

இதோட நான் திருந்திட்டேன்னு நினைச்சீங்கன்னா, நீங்க என்னை ரொம்ப நல்லவனா நினைக்கிறீங்க. இல்ல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா என்னையும் சேத்துச் சந்தேகப்படுவாங்களேன்னு பயம். தங்கச்சிகூடச் சாப்பிடும்போது கேட்டா, "என்னண்ணா, முகமே சரியில்ல?" ஒண்ணுமில்லம்மான்னேன். மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அவங்க வருஷக்கணக்கா அடைச்சாங்க. நாம அடைக்கப் போறது அரை நாள். அதுவும் இதுவும் ஒண்ணா? பாருங்க, பேயோட பக்கத்துல உக்காந்துட்டு வந்தவன் புத்தி எப்படிப் போகுதுன்னு.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ரோலர், ஏணி எல்லாம் எடுத்துட்டு வரப் போனேன். அவர் கடையில இருந்தார். வீட்டுக்காரம்மா மட்டும். நான் கேக்கவே இல்ல. அவங்களாத்தான் சொன்னாங்க, யார்கிட்டயாவது கொட்டணும்னு இருந்திருப்பாங்க போல.

"என் நாத்தனார்ப்பா. இவரோட கூடப் பொறந்த தங்கச்சி. மூளை பிசகிடுச்சு. ஊருக்கெல்லாம் வெளிநாட்டுல வேலைன்னு சொல்லி வச்சிருந்தோம். ஆறு வருஷம் நான்தான் சோறு போட்டேன், தினம் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு. மூணு வாட்டி தட்டினாத்தான் சாப்பாட்டைத் தள்ளுவேன். ஒரே கூச்சல். அக்கம்பக்கத்துல தலை காட்ட முடியல. கடைசில இவர்தான் அவகிட்ட ஒரு பேச்சுப் பேசினார். ஒரு நாள் முழுக்கச் சத்தம் போடாம இருந்து காட்டு, கதவைத் தொறந்து விட்டுடுறேன்னு."

"இருந்தாங்களா?"

"இருந்தாப்பா! ரெண்டு நாள் இருந்தா. ஒரு சத்தம் இல்ல, ஒரு தட்டல் இல்ல. கதவுக்கு அடியில தள்ளின சாப்பாட்டுத் தட்டு அப்படியே கிடந்துச்சு, பிகு பண்றான்னு விட்டுட்டோம். குணமாயிடுச்சுன்னு இவருக்கு அவ்வளவு சந்தோஷம். மூணாவது நாள் தொறந்தா... தூக்கத்துலயே போயிருக்கா. நல்ல சாவு."

நல்ல சாவு. அவங்க அப்படித்தான் சொன்னாங்க. நான் ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். அவங்களை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த வாயால கேப்பேன்? என் பையில தாழ்ப்பாள் இருக்கு. வர்ற வழியில சாக்கடையில வீசினேன். நாலு ஸ்குரூவையும் ஒவ்வொண்ணா வீசினேன்.

ஞாயித்துக்கிழமை காலை பத்து நாப்பது. பதினொண்ணுக்கு அவங்க வந்துடுவாங்க. ஹால்ல மேசைக்கு விரிப்பு, தட்டுல பிஸ்கட். "தாழ்ப்பாள் எங்க?"ன்னு பொண்டாட்டி கேட்டா. "போடல"ன்னேன். "என்னது?" "போடலைன்னா போடல. அவளும் நம்ம கூட ஹால்லதான் உக்காரப் போறா." மச்சான் குதிச்சான். "மாமா, பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போடாதீங்க!" நீ முதல்ல உன் வீட்டுக் குழாயை அடைடான்னு சொல்லிட்டுத் தங்கச்சியைத் தேடிப் போனேன்.

ஸ்டோர் ரூம்ல இருந்தா. யாரும் சொல்லாமயே, நல்ல சேலை கட்டிக்கிட்டு, தானாப் போய்த் தரையில உக்காந்திருந்தா.

"எழுந்திரிம்மா. ஹாலுக்கு வா."

"வேணாண்ணா. நான் இங்கயே இருக்கேன். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்." அப்புறம் இடது பக்கம் திரும்பி யாரோ சொல்றதைக் கேட்டா. தலையாட்டினா. "ஆனா இந்த அக்கா இருக்காதேன்றாங்க."

"எந்த அக்கா?"

"வியாழக்கிழமை உன் கூட வந்தாங்களே. அவங்களுக்கு வயித்து வலியாம்ணா. ரெண்டு நாளும் உயிர் போற வலியாம். கத்தினா தொறக்கமாட்டாங்கன்னு சேலையை வாயில திணிச்சுக்கிட்டாங்களாம். அப்படியாவது தொறப்பாங்கன்னு."

அவ திரும்பின பக்கம் நானும் பாத்தேன். வெறும் சுவர்தான்.

இப்ப உங்களை ஒண்ணு கேக்குறேன். வியாழக்கிழமை எனக்கு ஒரு குரல் கேட்டுச்சுன்னு சொன்னேன். கண்ணை அகல விரிச்சுக்கிட்டுக் கேட்டீங்க. ஐயோ பேய்னு மயிர்க்கூச்சம் எடுத்திருக்கும். என் தங்கச்சி எட்டு வருஷமா அதையேதான் சொல்றா. எனக்குக் கேட்டா பேய், அவளுக்குக் கேட்டா பைத்தியமா? எனக்குக் கதை, அவளுக்குத் தாழ்ப்பாளா? அவளுக்கு இருக்கிறது வியாதிதான். நான் இல்லைன்னு சொல்லல. சுகர் மாதிரி, ஆஸ்துமா மாதிரி, மருந்து சாப்பிட வேண்டிய வியாதி. சுகர் வந்தவனை எந்த வீட்டுல ஜன்னலை அடைச்சுப் பூட்டி வைக்கிறாங்க?

கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து ஹால்ல என் பக்கத்துல உக்கார வச்சேன். வந்தவங்க முகம் மாறுறதை நான் பாத்தேன். பையனோட அப்பா மெதுவாக் கேட்டார், "இவங்க...?"

"என் தங்கச்சி. மனசுல வியாதி. மருந்தை நான்தான் நிறுத்திட்டேன். நாளைக்குத் திரும்ப ஆரம்பிக்கிறோம்."

டீ குடிச்சாங்க. கலந்து பேசிச் சொல்றோம்னாங்க. இன்னிக்கு வரைக்கும் கலந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. பொண்ணு ரெண்டு நாள் என் கூடப் பேசல. அந்த வருத்தம் எனக்கு இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன்.

திங்கக்கிழமை தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். முன்வாசல் வழியா, எல்லாரும் பாக்க. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை எடுத்துக்கிட்டு, வேணும்னே மருந்துக்கடைக்காரர் கடைக்குப் போனேன். பதினொண்ணே முக்கால். கடையில வேற யாரும் இல்ல. தங்கச்சி வெளிய வண்டிகிட்ட நின்னா.

அவர் சீட்டைப் பாத்தார். எந்த வியாதிக்குன்னு அவருக்குத் தெரியாதா? மாத்திரையை எடுத்து வச்சார்.

"சார், உங்க தங்கச்சி தூக்கத்துல சாகல"ன்னேன்.

மாத்திரை அட்டையை வெட்டின கத்தரிக்கோல் நின்னுச்சு.

"வயித்து வலி. ரெண்டு நாள். வாயில சேலையைத் திணிச்சுக்கிட்டு."

அவர் கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டார். முகத்துல ரத்தமே இல்ல.

"குடல் வெடிச்சிருந்துச்சு. வாயில இருந்த துணியை நான்தான் எடுத்தேன். டாக்டர் கால்ல விழுந்து மாரடைப்புன்னு எழுதி வாங்கினேன். என் சம்சாரத்துக்கே தெரியாது. இது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த டாக்டரும் செத்துப் போயாச்சு." கவுண்டருக்கு மேல எட்டி என் சட்டையைப் பிடிச்சார். "உனக்கு... உனக்கு யாரு சொன்னா?"

நான் அவர் கையை எடுத்து விட்டுட்டு, வாசலைக் காட்டினேன்.

"என் தங்கச்சி. அவளுக்குக் குரல் கேக்கும் சார்."